காலிதீனின் பாண் வண்டியும் இன்பாஸின் முழங்காலும்

சாய்ந்தமருதில் வந்து இறங்கி "காலிதீன் வீடு எங்கே?" என்று கேட்டால், "எந்தக் காலிதீன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். "பாண் காலிதீன்" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். போகிற வழியில் அவரைப் பற்றி நாலு குறையும் சொல்வார்கள். குறை சொல்கிற அத்தனை பேரும் அவரிடம்தான் பாண் வாங்குகிறவர்கள்.

முச்சக்கர வண்டியின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பேக்கரிப் பாணும் இனிப்புப் பணிசும் விற்பது அவருடைய தொழில். உயிர் மட்டும் கடலலை விளையாட்டுக் கழகத்தில் இருந்தது. அதற்குத் தலைவர், செயலாளர், பயிற்றுநர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் அவரே. தான் ஆடிய காலத்தில் அடித்த கோல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், நோன்புக்கு நோன்பு அந்தக் கணக்கில் இரண்டு மூன்று கூடிவிடும். பார்த்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருப்பதால் அளவோடு கூட்டுவார்.

அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த பயிற்சி ஒன்று இருந்தது. விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்ததும் பாண் வண்டி புறப்படும். கழகத்துப் பையன்கள் அதன் பின்னால் ஓட வேண்டும். யாராவது பாண் வாங்க வாசலுக்கு வந்தால் வண்டி நிற்கும், பையன்கள் நிற்கக் கூடாது. நின்ற இடத்திலேயே முழங்காலை நெஞ்சு வரைக்கும் தூக்கிக் குதிக்க வேண்டும். வாங்க வந்த பெண் ரோஸ் பாண் எடுப்பதா, சீனி தூவிய கிம்புலா பணிஸ் எடுப்பதா என்று யோசிக்க யோசிக்கப் பையன்கள் குதித்துக்கொண்டே இருப்பார்கள். "கெதியா எடுங்க மாமி, உயிர் போகுது" என்று ஹாதிக் என்கிற பையன் ஒரு நாள் அழாத குறையாகக் கெஞ்சினான். அந்த மாமி பாவம் பார்த்து இரண்டையுமே எடுத்துக்கொண்டாள். இந்தப் பயிற்சியால் கால்பந்தும் வளர்கிறது, வியாபாரமும் வளர்கிறது என்று காலிதீன் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் முன்னால் ஓடுகிறவன் அவருடைய மகன் இன்பாஸ். பதினைந்து வயது. ஒரே வருடத்தில் வாப்பாவின் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டான். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணிக் காவலர்கள் அல்லாஹ்வை நினைக்கத் தொடங்குவார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கழகம் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? பாடசாலை அணிக்கும் அவன்தான் முன்வரிசை. காலையில் வாப்பாவின் வண்டிக்குப் பின்னால் ஓட்டம், பாடசாலை விட்டதும் அங்கே பயிற்சி, அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் மறுபடியும் கழகம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது இவன் கதைதான்.

பாடசாலையில் பயிற்சி கொடுத்தவர் றமீஸ் சேர். அவர் வேறு யாருமில்லை, காலிதீனின் சகலன். காலிதீனின் மனைவி சுபைறாவுக்கு நேர் இளையவள் நஸ்லா. நஸ்லாவின் மாப்பிள்ளைதான் றமீஸ். இந்தப் பக்கத்து வழக்கப்படி சகோதரிகள் இருவருக்கும் தாய்வளவிலேயே பக்கத்துப் பக்கத்து வீடு. கல்யாணம் முடித்த ஆண்கள் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறவர்கள். ஆகவே காலிதீனுக்கும் றமீசுக்கும் நடுவில் ஒரு இடுப்பளவு மதில், பொதுவாக ஒரு கிணறு. பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு சுற்றுப்போட்டியில் றமீஸ் மத்தியஸ்தராக நின்று, காலிதீனின் கழகம் அடித்த கோலை ஓஃப்சைட் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அறுந்த கதை அறுந்ததுதான்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சுபைறாவிடம், "ஒங்கட தங்கச்சிட மாப்பிள்ளட்டச் சொல்லு, தண்ணி மோட்டர நிப்பாட்டட்டாம்" என்பார் காலிதீன். சுபைறா நஸ்லாவிடம் சொல்ல, நஸ்லா அதை றமீசிடம் திருப்பிச் சொல்வாள். அந்தப் பக்கம் நின்ற றமீசுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும், ஆனாலும் நஸ்லா சொன்ன பிறகுதான் மோட்டாரை நிறுத்துவார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வலது பக்கம் சலாம் கொடுக்கும்போது அது தப்பித்தவறி றமீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று, அவர் எந்த ஸப்பு வரிசையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் காலிதீன் இடம் பிடிப்பார். அதற்காக முழு அநியாயக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். றமீசுக்குக் கிம்புலா பணிஸ் என்றால் உயிர் என்று தெரிந்து, தினமும் காலையில் ஒன்றைக் கடதாசியில் சுற்றி மதில் மேல் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சண்டை சண்டைதான், பணிஸ் பணிஸ்தான்.

இன்பாசின் முழங்காலில் எதுவோ சரியில்லை என்பது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்றால், அதற்கும் காலிதீன்தான் காரணம். பையன்கள் முழங்கால் தெரிய விளையாடுகிறார்கள் என்று பள்ளிவாசலில் இரண்டு பேர் முணுமுணுத்ததைக் கேட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்குகிற காற்சட்டையாகத் தைப்பித்திருந்தார். கடற்கரைக் காற்றில் ஓடும்போது அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொள்ளும். இதைப் பார்த்த றமீஸ் சும்மா இருப்பாரா? பாடசாலை அணிக்கு அதைவிட நாலு விரல் நீளமாகத் தைப்பித்தார். மார்க்கத்துக்கு மார்க்கமும் ஆயிற்று, போட்டிக்குப் போட்டியும் ஆயிற்று. அந்தத் துணிக்குள்ளே பிள்ளையின் முழங்கால் வீங்கிக்கொண்டே வந்ததை ஒருவரும் காணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில்தான் விஷயம் வெளியில் வந்தது. வழக்கம்போல் றமீஸ் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்த காலிதீனின் கண்ணில், கடைசி ஸப்பின் ஓரத்தில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகள் பட்டன. மண்டியிட்டுத் தொழ முடியாத வயசாளிகளுக்கான கதிரைகள் அவை. நரைத்த தாடிகளுக்கு நடுவில் கறுத்த தலை ஒன்று குனிந்திருந்தது. இன்பாஸ்!

அன்றைக்கு அவர் தொழுத தொழுகையை அல்லாஹ்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். முன்னால் இமாம் நின்றபடியால் குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்து ஒருவாறு தப்பினார். சலாம் கொடுத்து முடித்ததும், ஒலுவில் துறைமுகத்தில் மூன்று படகு வைத்திருக்கிற முகம்மது தம்பி ஹாஜியார் இன்பாஸ் பக்கம் திரும்பினார். அவருக்குக் காது மந்தம். அதனால் பேச்சு எப்போதும் படகுக்குப் படகு கூப்பிடுகிற சத்தத்தில்தான் வரும்.

"தம்பி, ஒனக்கு எந்த முழங்கால்?"

"ரெண்டும் ஹாஜியார்" என்றான் இன்பாஸ், பூமிக்குள் புதைந்துவிடுகிறவன் போல.

"ரெண்டுமா? மாஷா அல்லாஹ்! எனக்கு எழுவது வயசுக்குப் பொறகுதான் ரெண்டாவது நோகத் தொடங்கின. நீ கெட்டிக்காரன்டா!"

பள்ளிவாசல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஊரிலேயே ஆக வேகமாக ஓடுகிற பையன் கதிரையில் குந்தியிருக்கிறான். காலிதீனுக்கு முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னால் பயம் வந்தது, ஆனால் அவர் அதை வெளியில் விடவில்லை.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிறுத்தி, "சாரனத் தூக்குடா" என்றார். இரண்டு முழங்காலிலும் சிரட்டைக்குக் கீழே, கொட்டைப்பாக்கை வைத்துத் தோலால் மூடியது மாதிரிப் புடைப்பு. காலிதீன் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். இன்பாஸ் போட்ட சத்தத்தில் மதில் மேல் படுத்திருந்த பூனை கிணற்றடிக்குப் பாய்ந்தது. சுபைறா அகப்பையோடு ஓடிவந்து, "என்ட புள்ளைக்கு என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"நான் செய்யல்ல. இது ஆருட வேல எண்டு எனக்குத் தெரியும்" என்று காலிதீன் சாரனை மடித்துக் கட்டினார். நேரே மதிலடிக்குப் போனார். "றமீஸ்!"

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து நேராக வந்தது. உள்ளே நஸ்லாவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. காலையில் மிச்சம் வைத்திருந்த பணிசைக் கையில் பிடித்தபடி றமீஸ் வெளியே வந்தார்.

"என்ட மகன்ட முழங்காலுக்கு என்ன செஞ்ச நீ?"

"நான் என்ன செஞ்ச? பாண் வண்டிக்குப் பின்னால புள்ளய ஓட விட்டது நானா?"

"ஓட்டம் ஒடம்புக்கு நல்லம்!"

"அப்ப நீங்க ஏன் வண்டிக்குள்ள குந்தி இரிக்கீங்க?"

காலிதீன் சத்தத்தைக் கூட்டினார். சுபைறா நடுவில் புகப் பார்த்தாள். நஸ்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தடுத்துப் போடாதீங்க ராத்தா. எவ்வளவு காலத்துக்குப் பொறகு ரெண்டு பேரும் கதைக்கிறாங்க" என்று கண் கலங்கச் சொன்னாள்.

முழங்காலில் தொடங்கிய சண்டை கொஞ்ச நேரத்தில் ஓஃப்சைட்டில் போய் நின்றது. றமீஸ் பணிசை எதிரணிக் காவலனாக மதிலில் வைத்து, சுண்டுவிரலைப் பந்தாக வைத்து, கோல் ஏன் செல்லாது என்று விளக்கினார். காலிதீன் பணிசை நகர்த்தி வைத்து, அவன் இங்கே நிற்கவில்லை அங்கே நின்றான் என்றார். முழங்காலுக்குச் சொந்தக்காரன் ஒற்றைக்கால் மாறி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் சுபைறாவின் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் கல்முனைக்கு வாங்க. டொக்டருக்கிட்ட வந்து சொல்லுங்க, ஆர் செஞ்ச எண்டு!"

அவளும் இன்பாசும் ஒரு முச்சக்கர வண்டி பிடித்து முன்னால் போனார்கள். பின்னால் போவதற்குப் பாண் வண்டிதான் இருந்தது. அதன் பின்பக்கம் முழுவதும் கண்ணாடிப் பெட்டி. ஆகவே சகலன்மார் இருவரும் சாரதி ஆசனத்தில் நெருக்கியடித்துக் குந்த வேண்டியதாயிற்று. விழாமல் இருக்க றமீஸ் காலிதீனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாட்டு வேறு, சாவியைத் திருப்பினாலே தானாக ஒலிக்கிற மாதிரிக் காலிதீன் இணைப்புக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் பாண் வண்டி வருகிறதே என்று வழிநெடுகப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பாண் இருக்கவில்லை. கட்டிப்பிடித்தபடி போகிற இரண்டு எதிரிகள்தான் இருந்தார்கள். அந்தச் செய்தி பாட்டை விட வேகமாக ஊரைச் சுற்றியது.

டொக்டர் ஸப்னா இளம் பெண். முழங்காலை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடுறாரு?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம்தான் டொக்டர்" என்றார் காலிதீன். "சும்மா காலையில ஒரு சின்ன ஓட்டம், அஸருக்குப் பொறகு ஒரு சின்ன மெச்."

"எங்கட பாடசாலையிலயும் கொஞ்ச நேரம்தான்" என்றார் றமீஸ்.

டொக்டர் இன்பாசைப் பார்த்தார். அவன் தன் முழுநாளையும் சொன்னான். டொக்டரின் பேனை பாதியில் நின்றுவிட்டது. "நான் கூட இவ்வளவு நேரம் வேல செய்யிறதில்ல" என்றார். பிறகு விளக்கினார். வளர்கிற வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்னால் இழுபடும். அந்த நேரத்தில் ஓயாமல் ஓடிக் குதித்தால், முழங்காலுக்குக் கீழே தசைநார் வந்து ஒட்டுகிற மென்மையான எலும்பை அது இழுத்து இழுத்துப் புண்ணாக்கிவிடும். "ரெண்டு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எண்டு நீங்க நினைக்கிறீங்க. முழங்கால் ஒண்டுதானே, அது எல்லாத்தையும் கூட்டித்தான் பார்க்கும். ஐஸ் வைங்க, நான் சொல்லித்தாற பயிற்சியச் செய்ங்க. நோ அடங்கும் வரைக்கும் ஓட்டமும் பாய்ச்சலும் வேணாம். இப்ப விட்டா நல்லாச் சுகமாகும். விடாம ஓடினா அந்த எலும்பு பிரிஞ்சாலும் பிரியும்."

"ஃபைனலுக்குப் பொறகு விடலாம்தானே?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஆருட ஃபைனல்?"

"எங்கட" என்றார்கள், அதையும் ஒரே நேரத்தில். பாடசாலைக்கு மாகாணப் போட்டி வர இருந்தது. கழகத்துக்கு அக்கரைப்பற்று அணியோடு இறுதிப்போட்டி. காலிதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வலது காலில் வீக்கம் கொஞ்சம் குறைவு மாதிரித் தெரிகிறது, அந்தக் காலைக் கழகத்துக்கு விடலாமா என்று கேட்டார். சுபைறா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

டொக்டர் இன்பாசிடம், "இவ்வளவு நோகுதே, வீட்டுல சொல்லல்லையா தம்பி?" என்றார்.

"சொன்னன் டொக்டர்." அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "வாப்பாட்டச் சொன்னன். அது சாச்சாட பயிற்சியால வந்த நோ, அங்க போகாத எண்டாரு. சாச்சாட்டச் சொன்னன். அது வாப்பாட ஓட்டத்தால வந்த நோ, அங்க போகாத எண்டாரு. பொறகு நான் ஆருக்கிட்டயும் சொல்லல்ல."

காலிதீனுக்கு ஒரு காலைப்பொழுது நினைவு வந்தது. பையன் சொன்னான்தான். நோகிறது என்று சொன்னபோது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்திருந்தது, றமீசைக் குத்த ஒரு ஆணி கிடைத்ததே என்று. இப்போது அதை நினைக்க அவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை. றமீசும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வண்டிக்குப் பின்னால் ஓட்டம் நின்றது. பையன்கள் இல்லாமல் வந்த வண்டியைப் பார்த்து, "எங்க நம்மட குரங்குக் குட்டிகள்?" என்று பெண்கள் கவலையோடு விசாரித்தார்கள். வீட்டிலோ இரண்டு பேருக்கும் இடையில் புதுப் போட்டி தொடங்கியது, யார் கூடுதலாக ஓய்வு கொடுக்கிறார்கள் என்று. இன்பாஸ் கிணற்றடிக்கு நடக்கக் கூடாது என்றார் காலிதீன். பாடசாலையில் மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்ற வைத்தார் றமீஸ். காலிதீன் சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோனார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து றமீஸ் ஐஸ்கட்டியை வாளியில் அனுப்பினார். "முழங்கால்லதானே நோ, கையில இல்லையே. எழும்பி வந்து தேங்காயத் துருவுடா" என்று சுபைறாதான் பிள்ளையை மீட்டாள்.

மாகாணப் போட்டிக்கு றமீஸ் இன்பாசை விட்டுவிட்டுப் போனார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார். வந்து மதிலடியில் நின்று, "நான் விட்டுட்டன். இனி ஒங்கட முறை" என்று மட்டும் சொன்னார்.

இறுதிப்போட்டி நாளும் வந்தது. கடலலைக் கழகம் அதன் சரித்திரத்தில் ஒரு கிண்ணத்தையும் தொட்டதில்லை. காலிதீன் கனவில் மட்டும் தொட்டிருக்கிறார். இன்பாஸ் அணிச் சட்டையோடு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்தான், அழகுக்காக. பக்கத்தில் றமீஸ். அக்கரைப்பற்று அணி ஒரு கோல் போட்டு முன்னால் நின்றது. ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கையில் ஹாதிக் காலில் பிடிப்பு வந்து விழுந்தான். இன்னும் ஒருவரை இறக்கலாம். சனம் எழும்பி நின்று கத்தியது. "இன்பாஸ இறக்கு! இன்பாஸ இறக்கு!"

"வாப்பா, எனக்கு இப்ப நோகல்ல. அஞ்சு நிமிஷம் வாப்பா."

காலிதீன் மகனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு ஆட வேண்டும் என்ற ஆசை மெய். நோகவில்லை என்பது பொய். "இறங்கு" என்ற சொல் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கிண்ணம் ஐந்து நிமிஷத் தூரத்தில் இருந்தது. றமீஸ் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இரி" என்றார் காலிதீன். "என்ட பேரும் பட்டியல்ல இரிக்கி."

மெய்தான். ஒவ்வொரு வருடமும் வீரர் பட்டியலின் கடைசியில் ஒரு ஆசைக்காகத் தன் பெயரையும் எழுதி வைப்பார். மத்தியஸ்தர் இரண்டு தடவை பார்த்தார், சட்டப்படி குற்றமில்லை. ஹாதிக்கின் சட்டை காலிதீனின் வயிற்றுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. தான் தைப்பித்த காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியதில் அது அவருக்குக் கணுக்கால் வரைக்கும் வந்தது. அவர் மைதானத்துக்குள் ஓடினார். உடனே சனத்தில் யாரோ பாண் வண்டிப் பாட்டை வாயால் பாடத் தொடங்க, ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள். "ரோஸ் பாண் ரெண்டு!" என்று ஒருவர் கையைக் காட்டி மறித்தார்.

ஆனால் பந்து மெய்யாகவே அவரிடம் வந்தது. அவருக்கும் கோலுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. பாட்டு நின்றது. றமீஸ் வாங்கை விட்டு எழும்பி, "அடிங்க மச்சான்!" என்று கத்தினார். காலிதீன் காலை ஓங்கினார். தொடையின் பின்பக்கத்தில் எதுவோ சடக்கென்று இழுத்தது. அவர் ஒரு பக்கம் விழ, பந்து தன் பாட்டில் உருண்டு காவலன் காலுக்குப் போயிற்று. அவன் அதை நீளமாக அடிக்க, மறுபக்கத்தில் அக்கரைப்பற்றின் இரண்டாவது கோலும் விழுந்தது. எல்லாம் முடிந்தது.

காலிதீன் புல்லில் மல்லாந்து கிடந்தார். இன்பாஸ் வந்தான். ஓடக் கூடாது என்று டொக்டர் சொன்னபடியால், பாதி மைதானத்தையும் நடந்தே கடந்து வந்தான். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தபடி அவன் வந்து சேரும் வரைக்கும் காத்து நின்றார். பக்கத்தில் முழங்கால் படாமல் குந்தி, வாப்பாவின் காலைத் தொட்டான்.

"எங்க வாப்பா நோகுது?"

இத்தனை மாதத்தில் இந்தப் பிள்ளையிடம் காலிதீன் ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை. யாரால் நோகிறது என்றுதான் கேட்டிருக்கிறார். தொடையைத் தொட்டுக் காட்டினார். பிறகு சனம் பார்க்கிறதே என்ற வெட்கத்தில், "ஒண்டும் இல்ல மகன், ரெண்டு எட்டு ஓடினாச் சரியாகிடும்" என்று எழும்பப் பார்த்தார்.

இன்பாஸ் அவருடைய தோளைப் பிடித்து மெல்லக் கீழே அமுக்கினான். "நோகுது எண்டா நோகுதுதான் வாப்பா. படுங்க."

காலிதீன் படுத்துக்கொண்டார்.